வெள்ளைப் பந்துக்குக் காவல்

காவல் வேலையில் சம்பளம் தருவதே சந்தேகப்படுவதற்குத்தான்; சீருடை மாட்டிக் கால் கடுக்க நின்ற உங்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. எண்பதுகளின் கடைசியில், தென்மேற்கு லண்டனில் ஒரு டென்னிஸ் கிளப்பில் நின்றேன். இரண்டு உலகப் போர்களுக்கும் இடையில் அங்கே புல்தரையில் நடந்த பெரிய போட்டியின் சாமான்களை ஓர் அறையில் கண்ணாடிக்குள் வைத்திருந்தார்கள். வேலை நிரந்தரமானால்தான் யாழ்ப்பாணத்தில் இருந்த மனைவியைக் கூப்பிடலாம். அதனால் ஈ பறந்தாலும் முறைத்தேன்.

பந்து

அறையிலேயே பெறுமதியானது என்று மேற்பார்வையாளர் ஹார்பர் காட்டியது ஓர் அழுக்கு வெள்ளைப் பந்து. ஏதோ ஓர் இறுதியாட்டத்தில் அடித்ததாம். இதை எவன் களவெடுப்பான் என்று வாசலில் நின்ற சிவம் அண்ணையைக் கேட்டேன். அவர் அக்கம் பக்கம் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"நீ எடுப்பாய் எண்டு என்னையும், நான் எடுப்பன் எண்டு உன்னையும் போட்டிருக்கினம், தம்பி."

தொப்பி அம்மா

செவ்வாய் தோறும் ஒரு வயதான வெள்ளைக்கார அம்மா தொப்பியும் பெரிய பையுமாக வருவார். ஒரே படத்தின் முன்னால், கண்ணாடியில் மூக்கு முட்ட நிற்பார். எனக்குப் பையின் மேல்தான் கண். ஒருநாள், படத்தில் மட்டையை ஓங்கிக்கொண்டு நிற்பது தான்தான் என்றார். கோட்டில் விழுந்த பந்தை வெளியே என்று சொல்லித் தன்னைத் தோற்கடித்தார்களாம். அந்த முகத்துக்கும் இந்த முகத்துக்கும் ஒரு பொருத்தமும் தெரியவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன்.

"நீங்கள் நம்பவில்லை. பரவாயில்லை, அன்றைக்கு நடுவரும் நம்பவில்லை."

ஒரு சொல்

ஒரு செவ்வாய் மூடும் நேரம், அந்த அம்மா இன்னும் உள்ளேதானா என்று ஹார்பர் வாக்கி டாக்கியில் கேட்டார். ஆமாம் என்பதற்கு வாய் தவறி ஊர்த் தமிழில் "ஓம்" என்றேன். அவர் 'ஹோம்' என்பதையே 'ஓம்' என்று சொல்லும் லண்டன்காரர். வீட்டுக்குப் போய்விட்டார் என்று எடுத்துக்கொண்டு, நான் பின்பக்கம் விளக்கணைக்கப் போன நேரம் அறையைப் பூட்டிவிட்டார்.

உள்ளே இருந்து கதவு தட்டும் சத்தம் கேட்டுத்தான் திறந்தோம். நானும் அம்மாவும் கூட்டு என்று ஹார்பர் முடிவு கட்டினார். பந்து இருந்த இடத்தில் இருந்தது. ஆனாலும் என் பொக்கற்றுகளைத் தடவினார். எங்கள் தமிழில் 'ஓம்' என்றால் 'யெஸ்' என்றேன். அப்படி ஒரு மொழியா என்பதுபோல் பார்த்து, நாளைக்கு வரவேண்டாம் என்றார்.

அப்போது அம்மா, நான் பதில் சொல்லும்போது பக்கத்தில்தான் நின்றதாகவும், நான் ஆமென்று தலையாட்டிக்கொண்டே சொன்னதாகவும், கிளப் தலைவரிடம் வேண்டுமானாலும் வந்து சொல்வதாகவும் சொன்னார். ஹார்பர் சிவந்து போனார். வேலை தப்பியது. பஸ்ஸுக்கு நிற்கும்போது சிவம் அண்ணைக்கு மகிழ்ச்சியே இல்லை.

"காப்பாத்தினது சரி. ஏன் காப்பாத்தினவ எண்டு யோசிச்சுப் பார். அவவின்ர பையை ஒருத்தரும் தடவேல்லை."

மனைவி வந்து சேர்ந்து, பிள்ளைகளும் வளர்ந்துவிட்டார்கள். நான் இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.