கடலைக்குத் தண்ணி, ஆபீஸுக்கு விபிஎன்

நெட்வொர்க் வேலையில ஒரு வசதி: எது ஓடலைன்னாலும் காரணம் நாமதான், எது ஓடினாலும் அது தானா ஓடுது. பகல்ல கேபிள் இழுத்து, சாயங்கால வகுப்புல படிச்சு இதுக்கு வந்தவன் நான். இதே பாடு படுறவங்களுக்கு மேற்கொண்டு வெளக்க வேண்டியதில்ல.

நாலு பக்கம்

புதுக்கோட்டையில ஆஸ்பத்திரி ரிப்போர்ட் டைப் பண்ணித் தர்ற ஆபீஸ் ஒண்ணு. ஆளுங்க எல்லாம் வீட்டுல இருந்தே வேலை. வீட்டுல இருந்து ஆபீஸ் கம்ப்யூட்டருக்குப் பூட்டுப் போட்ட தனிப்பாதைதான் விபிஎன். அதைப் போட மூணு விதம் வச்சிருந்தேன்: பழசு எல்2டிபி, நடுவாந்திரம் ஐகேஇவி2, புதுசு வயர்கார்டு.

திருவரங்குளம் பக்கம் வீட்டுல இருந்து டைப் பண்ற கலைச்செல்விக்குப் பழசு. தெனம் நாலஞ்சு தடவை கட்டாகும். இந்த மாசத்துக்குள்ள சரியாகலைன்னா ஆபீஸுக்கே வந்துடணும்னுட்டாரு மேனேஜர். அவங்களுக்கு ஏழு மாசக் கைக்குழந்தை. என்னை மூணையும் ஒப்பிட்டு, வேகமானதைப் போட்டுட்டு, அறிக்கையும் குடுக்கச் சொன்னாரு.

"நாலு பக்கத்துக்குக் கொறையக் கூடாதுங்க. நான் படிக்க மாட்டேன், ஆனா ஃபைல்ல இருக்கணும்."

வேகம் நல்லாத்தான் இருக்கு

அவங்க வீட்டுல வச்சு மூணையும் ஓட்டிப் பாத்தேன். வேகத்துல பெரிய வித்தியாசமே இல்ல. அப்பப் பாத்து ஃபேன் மெதுவாச்சு, நெட்டு போச்சு. வெளிய வந்தா, த்ரீ பேஸ் கரண்ட் வந்துருச்சுன்னு அவங்க மாமனார் கருப்பையா வயல் மோட்டாரைப் போட்டுட்டு நிக்கிறாரு. மடை மாத்த அணைப்பாராம், மறுபடி போடுவாராம். வீட்டு ரூட்டருக்கு பேட்டரி இருக்கு. தெருமுனை கேபிள் பெட்டிக்கு இல்ல. மோட்டார் கெளம்புனா வோல்டேஜ் எறங்கி அது படுத்துடும்.

"கொஞ்சம் பாத்துப் போடுங்கய்யா, ஆபீஸ் கட்டாகுது"ன்னேன்.

"ஆபீஸுக்கு ஒரு நிமிஷம் கட்டானா நீங்க ஓடி வர்றீங்க. கடலைக்கு ஒரு நாள் தண்ணி கட்டானா யாருங்க வருவா?"

புதுசு

நியாயம்தான். அப்போ வேகம் பாக்கக் கூடாது, விழுந்தா எது சீக்கிரம் எந்திரிக்குதுன்னு பாக்கணும். பழசு விழுந்தா மறுபடி பாஸ்வேர்டு கேக்கும். ஐகேஇவி2 கொஞ்சம் யோசிச்சுட்டு எந்திரிக்கும். வயர்கார்டுல மறுபடி உள்ள போற சோலியே கெடையாது; நெட்டு வந்ததும் விட்ட எடத்துல இருந்து ஓடும். திங்கக்கிழமை அதைப் போட்டேன். மோட்டார் மூணு தடவை ஓடுச்சு. கட்டாச்சான்னு கலைச்செல்வியைக் கேட்டேன்.

"கட்டாச்சாண்ணே? பாப்பா அழுததுல நான் கவனிக்கல."

ஆப்சென்ட்

வெள்ளிக்கிழமை மேனேஜர் போன். வருகைப் பதிவே விபிஎன் லிஸ்ட்டை வச்சுத்தானாம். பாதையை ஆன் பண்ணும்போது மட்டுந்தான் அதுல ஒரு வரி விழும். இந்தம்மா திங்கக்கிழமை ஆன் பண்ணதோட சரி, அது அறுந்தாத்தான மறுபடி ஆன் பண்ண!

"நாலு நாளா ஆளு ஆப்சென்ட், ரிப்போர்ட் மட்டும் வந்துக்கிட்டே இருக்கு. யாருங்க டைப் பண்றது?"

வெளக்கிச் சொன்னேன். லிஸ்ட்டை மாத்த முடியாது, ஆளை வேணா ஆபீஸுக்கு மாத்தலாம்னாரு. சரி, தெனம் காலையில விபிஎன்னை ஒருதரம் அணைச்சுப் போடுங்கம்மான்னு கலைச்செல்விகிட்ட சொன்னேன். கைக்குழந்தைக்காரி, மறந்துட்டா அன்னைக்கு ஆப்சென்ட். அந்தப் பொறுப்பை இப்ப கருப்பையா எடுத்துக்கிட்டாரு. மோட்டார் ரூம்ல இருந்து சத்தம் வீட்டுக்கே கேக்குது:

"ஆத்தா, நான் போடப் போறேன்! நீயும் ஒன் ஆபீஸை ஒருக்கா அணைச்சுப் போட்டுரு!"

அறுந்து போகாத பாதையை நான் பாடுபட்டுப் போட்டுக் குடுத்தேன். அதைத் தெனம் ஒரு தடவை அறுத்து விட்டுத்தான் அந்தம்மா வேலையைக் காப்பாத்திக்கிட்டு இருக்காங்க.