மச்சான் வீட்டு ஒழுகல்

“நீ வந்து ஒரு வார்த்த சொல்லிட்டா போதும் மச்சான். மிச்சத்த நான் பாத்துக்கறேன்.”

போனில் ராமையா இப்படித்தான் ஆரம்பித்தார். என் மனைவியின் அண்ணன். லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். ஈப்போவுக்குப் பக்கத்தில் செமோரில், தாமான் என்கிற ஒரு குடியிருப்பில், வரிசை வீட்டில் இருக்கிறார். அவர் வீட்டு ஹாலில் மழைத் தண்ணீர் ஒழுகுகிறதாம். பக்கத்து வீட்டுக்காரர் வாசலில் நிழலுக்குப் போட்ட ஆவ்னிங் கூரைதான் காரணமாம். கூரை வேலையில் பேர் எடுத்தவன் நான். நான் வந்து பார்த்து “ஆமாம்” என்று சொல்லிவிட்டால், நகராட்சி மஜ்லிஸில் புகார் கொடுத்து அந்த ஆவ்னிங்கைக் கழற்ற வைத்துவிடுவார். அனுமதி வாங்காமல் போட்டது அது.

எனக்கு அந்த ஆவ்னிங்கைத் தெரியும். அதன் கீழேதான் அந்தப் பக்கத்து வீட்டுச் சீனப் பெண்மணி லான் அக்கா காலையில் தௌபூ ஃபா விற்கிறார். சோயா பாலை உறைய வைத்து, சீனிப்பாகு ஊற்றித் தருகிற இனிப்பு. அந்த நிழல் போனால் அவருடைய வியாபாரமும் போகும். நான் சொல்லப்போகிற ஒரு வார்த்தைக்கு அத்தனை கனம்.

1. முதலில் என்னைப் பற்றி

ரப்பர் தோட்டப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. அதற்குப் பிறகு படித்ததெல்லாம் கூரை மேல்தான். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், ஏணியைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்து, “தௌக்கே, அந்த ஓடு உடஞ்சிருக்குன்னு நெனைக்கிறேன்” என்றேன். முதலாளி சீனர், தமிழ் நன்றாகப் பேசுவார். “நெனைக்கிறதுக்கு நான் சம்பளம் குடுக்கல. ஏறிப் பாரு” என்றார். என் தொழிலின் பாதி அந்த ஒரு பேச்சில் இருக்கிறது. மீதிப் பாதியை நானே கண்டுபிடித்தேன்.

பெருமைக்காகச் சொல்லவில்லை என்று சிலர் எழுதுவார்கள். நான் பெருமைக்காகத்தான் சொல்கிறேன். ஈப்போவைச் சுற்றி நான் ஏறாத தாமான் குறைவு. கோயில், தேவாலயம், பள்ளி, கோழிப் பண்ணை எல்லாவற்றின் தலையிலும் நின்றிருக்கிறேன். மற்ற மூன்று பேர் சிலிக்கான் பூசிப் பூசித் தோற்றுப்போன வீட்டுக்குத்தான் என்னைக் கூப்பிடுவார்கள். நான் போய், தேநீர் குடித்து, ஏறி, இறங்கி, காரணத்தைச் சொல்லிவிட்டு வருவேன்.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். தண்ணீர் சொட்டுகிற இடம் ஒன்று, நுழைகிற இடம் வேறொன்று. ஓட்டில் நுழைந்து, மரச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நடந்து, வேறு அறையில் போய் இறங்கும். வீட்டுக்காரர் சொட்டுகிற இடத்தைக் காட்டி, “இதுக்கு நேர் மேலதான்” என்பார். தலையாட்டிவிட்டு வேறு இடத்தில் ஏறுங்கள்.

தாப்பாவில் ஒருவர் தகரக் கூரையை முழுக்க மாற்றச் சொன்னார். தகரத்தில் ஒரு குறையும் இல்லை. திருகாணிக்கு அடியில் இருக்கிற ரப்பர் வாஷர் வெயிலில் காய்ந்து பொடியாகி, ஒவ்வொரு திருகாணியும் ஒரு சின்னக் குழாயாக மாறியிருந்தது. சுண்ணாம்புக் குன்றுக்குப் பக்கத்தில் இருக்கிற வீடுகளில் குரங்குகள் கூரை ஓடுகளை நகர்த்திவிடும். குரங்கு நகர்த்தியதை வீட்டுக்காரர் முந்தைய கொந்திராக்டர் தலையில் கட்டுவார். கூரை முகட்டுச் சிமெண்டு வெடிப்பது எல்லா வீட்டிலும் உண்டு. கமுந்திங்கில் ஓர் அம்மா, “மழ பேஞ்சாலும் ஒழுகுது, வெயிலடிச்சாலும் ஒழுகுதுங்க, யாரோ என்னமோ பண்ணி வச்சிட்டாங்க” என்று எலுமிச்சம்பழம் எல்லாம் கட்டி வைத்திருந்தார். சிலிங்கைத் திறந்து பார்த்தேன். தண்ணீர்த் தொட்டியின் மிதவை உடைந்து, தொட்டி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. மிதவையை மாற்றினேன். எலுமிச்சம்பழத்தை நான் தொடவில்லை. அது பாட்டுக்குத் தொங்கட்டும்.

இத்தனையும் பார்த்தவன் நான். அதனால் மச்சான் வீட்டு ஒழுகல் எனக்குப் பெரிய விஷயமில்லை. மச்சான்தான் பெரிய விஷயம்.

2. ஆவ்னிங் விசாரணை

நான் போனபோது ஹாலில், லான் அக்கா வீட்டோடு சேர்ந்த பொதுச் சுவரை ஒட்டி ஒரு வாளி இருந்தது. சுவரில் தண்ணீர் இறங்கிய கறை. மச்சான் அதைத் தொட்டுத் தொட்டுக் காட்டினார்.

“பாத்தியா. அவங்க பக்கத்துச் செவரு. ஆவ்னிங் போட்டது போன வருஷம். ஒழுக ஆரம்பிச்சது போன வருஷம். இதுக்கு மேல என்ன வேணும்?”

“போன வருஷந்தான் நீ புது டிவியும் வாங்குன. அதக் கழட்டிப் பாப்பமா?”

“வெளையாடாத மச்சான். பெரிய சுசாவா, தொல்லையா இருக்கு. ராத்திரி மழன்னா எந்திரிச்சி பால்டிய மாத்தணும்.”

“அவங்ககிட்ட பேசுனியா?”

“என்னத்த பேசறது? பேச்சே இல்ல. ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம அவங்க வீட்லேர்ந்து ஒரு மங்கு தௌபூ ஃபா வரும், அதும் நின்னு போச்சி.”

பேச்சை நிறுத்தியவர் இவர். தௌபூ ஃபா ஏன் நின்றது என்று வருத்தப்படுகிறவரும் இவரே.

வெளியே வந்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் லான் அக்கா பானையைக் கழுவிக்கொண்டிருந்தார். அவருடைய அப்பா பழைய தோட்டம் ஒன்றின் வாசலில் மளிகைக் கடை வைத்திருந்தவர். அதனால் அக்கா பேசுகிற தமிழ் நம் வீட்டுப் பிள்ளைகளின் தமிழைவிடத் தேவலாம்.

“அண்ணே, ஒடைக்க வந்தீங்களா?” என்றார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். ஆனால் கையிலிருந்த நாரைப் பானைக்குள் போட்டுவிட்டு, எழுந்து நின்று கேட்டார்.

“பாக்க வந்தேன்க்கா. ஒங்க பக்கம் ஏணி போட்டு ஏறலாமா?”

“ஏறுங்க. நல்லா பாருங்க. எம்மேல தப்புன்னா நானே கழட்டிடறேன். யாரும் வர வேணாம்.”

ஒழுகலைச் சோதிக்க ஒரு முறை உண்டு. ரப்பர் குழாயில் தண்ணீரைக் கீழிருந்து மேலாக, ஓர் இடம் முடித்துப் பிறகு அடுத்த இடம் என்று பாய்ச்ச வேண்டும். உள்ளே ஒருவர் நின்று பார்க்க வேண்டும். அவசரப்பட்டு மேலிருந்து ஊற்றினால் எல்லா இடமும் நனைந்துவிடும், எது காரணம் என்று தெரியாது. மச்சானை ஹாலில் நிறுத்தினேன். நான் ஆவ்னிங் சுவரோடு சேர்கிற இடத்தில் தண்ணீர் பாய்ச்சினேன். மேலிருந்து பார்த்தால் சுவர் நெடுக சிலிக்கான், கேக்குக்குக் கிரீம் பூசின மாதிரி. மச்சான் கைவண்ணம்.

“வருதா?” என்றேன்.

“இல்ல. இன்னும் ஊத்து.”

ஊற்றினேன். அக்காவின் தண்ணீர் மீட்டர் ஓடுகிறது, அக்கா மறுபடி பானையைத் தேய்க்கிறார்.

“இப்ப?”

“வரல. நீ சரியா ஊத்தல.”

“மச்சான், இதுக்கு மேல ஊத்துனா உங்க ரெண்டு வீட்லயும் மீன் வளக்கலாம்.”

ஆவ்னிங் பக்கமிருந்து ஒரு சொட்டு இறங்கவில்லை. மச்சான் வெளியே வந்தார். ஒழுகாத வீட்டைப் பார்த்து ஒரு மனிதர் இவ்வளவு வருத்தப்பட்டு நான் பார்த்ததில்லை.

3. வாளிச் சத்தம்

எந்த வீட்டிலும் நான் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. மச்சானிடம் கேட்டேன். “மழ வந்த ஒடனே ஒழுகுதா, கொஞ்ச நேரங்கழிச்சா?”

“மழக்கி பக்கத்துல கடிகாரத்த வச்சிக்கிட்டா ஒக்காந்திருக்கேன்? ஒழுகுதுன்னா ஒழுகுது.”

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பதில் வந்தது.

“ஒடனே இல்லண்ணே. மழ வரும். நான் கொடியில கெடக்கற துணிய எடுப்பேன், மடிப்பேன், பானைக்குத் தண்ணி வப்பேன். அப்பறந்தான் அவங்க வீட்ல டொக்கு டொக்குனு பால்டி சத்தம் கேக்கும். சின்ன மழன்னா சத்தமே வராது.”

வரிசை வீட்டுச் சுவர் அவ்வளவு மெல்லியது. மச்சான் வீட்டு ஒழுகலை மச்சானைவிட நன்றாகக் கவனித்தவர் அவர்தான்.

எனக்குப் பாதி விஷயம் அங்கேயே விளங்கிவிட்டது. சுவரில் வெடிப்பு இருந்தால் மழை பட்டதும் ஒழுகும். பெரிய மழையில் மட்டும், அதுவும் தாமதமாக ஒழுகினால், எங்கோ தண்ணீர் தேங்கி, நிரம்பி, பிறகு வழிகிறது. எது நிரம்புகிறது என்று பார்த்தால் போதும்.

மச்சான் வீட்டில் கார் நிற்கிற இடத்துக்கு மேல் சமமான கான்கிரீட் கூரை. சுற்றிலும் முழங்கால் உயரம்கூட இல்லாத சுவர். தண்ணீர் இறங்க, பொதுச் சுவர் மூலையில் ஒரே ஒரு ஓட்டை.

“உன் போர்ச் மேல ஏறணும்” என்றேன்.

“அதெல்லாம் நல்லாத்தான் இருக்கு. அங்க ஒண்ணுமில்ல.”

“ஒண்ணுமில்லாததத்தான் பாக்கப் போறேன். ஏணியத் தூக்கிட்டு வா.”

அவருடைய நடை அப்போதே மாறியிருந்தது. லாரி ஓட்டிய மனிதர் ரிவர்ஸ் எடுக்கிற மாதிரி வந்தார்.

மேலே ஏறிப் பார்த்தேன். கான்கிரீட் முழுக்க ஒரு மங்கலான சிவப்பு. மூலையில் ஓட்டை இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டையைக் காணவில்லை. கையை விட்டேன். ஈரமாக, கெட்டியாக, களி மாதிரி வந்தது. பட்டாசுக் காகிதம். மழையில் ஊறி, தூசியோடும் இலையோடும் சேர்ந்து, குழாய்க்குத் தக்கை போட்ட மாதிரி அடைத்துக்கொண்டிருந்தது. பெரிய மழையில் தண்ணீர் இறங்க வழியில்லாமல் குளமாக ஏறி, கான்கிரீட்டும் வீட்டுச் சுவரும் சேர்கிற இடத்தில் புகுந்து ஹாலுக்குப் போயிருக்கிறது.

ஒரு பிடி எடுத்துக்கொண்டு இறங்கி, மச்சானின் உள்ளங்கையில் வைத்தேன்.

“மச்சான், உன் தீபாவளி இன்னும் முடியல.”

மச்சான் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். “காத்துல வந்திருக்கும்” என்றார்.

“காத்து வந்து சரவெடிய விரிச்சிப் போட்டு கொளுத்திட்டுப் போச்சா? மேல கருகுன தடம் நீளத்துக்கு இருக்கு.”

ராமையாவின் சரவெடி எங்கள் குடும்பத்தில் பிரசித்தம். தீபாவளிக் காலையில், எண்ணெய் தேய்த்துக் குளித்து, கறிக் குழம்பு கொதிக்கிற நேரத்தில் அவர் கொளுத்துகிற சரத்துக்குத் தெரு நாய்கள் அடுத்த தாமானுக்குக் குடிபோகும். இங்கே பட்டாசுக்குக் கெடுபிடி, அதனால் எங்கே வாங்குகிறார் என்று யாரும் கேட்பதில்லை, அவரும் சொல்வதில்லை. ஆனால் எனக்குத் தெரிந்து அவர் எப்போதும் வாசல் கேட்டில்தான் கட்டித் தொங்கவிடுவார். சத்தம் தெருவுக்குப் போக வேண்டும், காகிதம் வாசலில் சிவப்பாகக் கிடக்க வேண்டும், பார்க்கிறவர்கள் பார்க்க வேண்டும்.

“கேட்டுல கட்டுறத விட்டுட்டு எதுக்கு மேல ஏத்துன?”

மச்சான் வேலிப் பக்கம் ஒரு தரம் பார்த்தார். பிறகு எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொல்ல நினைத்தார். லாரிக்காரர் குரல், தெருவுக்கே கேட்டது.

“ஆவ்னிங் போடறதுக்கு முந்துன வருஷம் அவங்க அங்கனக்குள்ள யாவாரம் பண்ணிட்டு இருந்தாங்க. நான் கேட்டுல கொளுத்தறேன், பேப்பரு பறந்து போயி அவங்க பானையில விழுந்துச்சி. வாங்க வந்த ஆளு பாத்துட்டு வேணாம்னு போயிட்டான். எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சி. அதான் அடுத்த தீபாவளிலேர்ந்து மேல ஏத்திட்டேன். கீழ ஒண்ணும் விழாதுல்ல.”

நாரின் சத்தம் நின்றது. லான் அக்கா எழுந்து உள்ளே போய்விட்டார். மச்சான் முகம் தொங்கிப்போனது. காகிதக் களியை எங்கே போடுவது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

“போச்சி” என்றார். “இப்ப அதுக்கும் கோவம்.”

நான் மேலே ஏறி அடைப்பை வாரி எடுத்தேன். குழாய்க்குள் கம்பி விட்டேன், ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினேன். கடகடவென்று இறங்கியது. கான்கிரீட்டும் சுவரும் சேர்கிற இடத்தைச் சுத்தம் செய்து, காய்ந்த பிறகு பூச வேண்டியதை மறுநாள் பூசுவது என்று முடிவு செய்தேன். இறங்கும்போது வேலி மேல் மூன்று மங்குக் கிண்ணத்தில் தௌபூ ஃபா இருந்தது. பாகு ஊற்றி, கரண்டியோடு.

“அண்ணே,” என்றார் லான் அக்கா, மச்சானைப் பார்த்து. “அன்னிக்கி விழுந்தத நான் எடுத்துப் போட்டுட்டேன். ஒங்கள ஒண்ணும் சொல்லலியே.”

“நீங்க சொல்லலக்கா. நான்தான் பாத்தேன்ல.”

“கேட்டிருக்கலாம்லா. பானைக்கு மூடி இருக்கு.”

மச்சான் காகிதக் களியை ஒரு வழியாகக் கீழே போட்டார். நான் மங்கை எடுத்துக்கொண்டேன், சூடு ஆறுவதற்கு முன்பு.

ஒழுகலுக்குக் காரணங்களை இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களிடம் சொல்லும்போது, உடைந்த ஓடு, காய்ந்த வாஷர், வெடித்த முகடு, உடைந்த மிதவை, அடைபட்ட ஓட்டை என்று நான் வரிசையாகச் சொல்வது வழக்கம். இப்போது கூடவே, ஏணி போடுவதற்கு முன் பக்கத்து வீட்டுக்காரரிடம் நாலு வார்த்தை பேசுங்கள் என்றும் சொல்கிறேன். அந்த ஒழுகல் எப்போது ஆரம்பிக்கிறது என்று அவருக்குத்தான் தெரியும். கூரை மேல் எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்று நான் சொல்லிக்கொள்வது இன்னமும் உண்மைதான். சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பதை நான் யாரிடமாவது கேட்டுத்தான் ஆக வேண்டும்.

அந்த ஆவ்னிங் இன்னும் அங்கேதான் இருக்கிறது. அடுத்த தீபாவளிக்குச் சரவெடி மறுபடி கேட்டுக்கு இறங்கியது. காலையிலேயே மச்சான் வேலிக்கு மேல் எட்டி, “அக்கா, மூடி” என்று குரல் கொடுத்தார். அக்கா பானையை மூடி, அதன் மேல் ஒரு கல்லையும் வைத்துவிட்டு, காதைப் பொத்திக்கொண்டு நின்றார். வெடித்து முடிந்ததும் மூடியைத் திறந்து, முதல் மங்கை மச்சானுக்குக் கொடுத்தார்.

சொந்தக்காரர் வீடுகளில் மச்சான் இந்தக் கதையைச் சொல்கிறார். ஒழுகலைக் கண்டுபிடித்தது அவராம். நான் ஏணி பிடித்தேனாம்.