செட்டியார் பொம்மையின் சின்னக் கண்

எனக்கு எழுத்து வராது. நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள்.

இன்று காலை பக்கத்து வீட்டுக் கனகா வாசலில் கொலு பொம்மைகளைப் பரப்பியிருந்தாள். அவள் தனியாகச் செய்த முதல் வருஷம். நவராத்திரிக்குள் விற்காவிட்டால் எல்லாம் பரணுக்குத்தான் போகும்.

மதராஸிலிருந்து வந்த ஓர் அம்மாள், கடை வைத்திருக்கும் செட்டியார் பொம்மையைத் தூக்கிப் பார்த்தார்.

"ஒரு கண்ணு சின்னதா இருக்கே. பிளாஸ்டிக் பொம்மைன்னா கச்சிதமா இருக்கும்."

"கையால எழுதின கண்ணுமா," என்றாள் கனகா. "அதோ நூல் காய வச்சிக்கினு நிக்கிறாரே எங்க பெரியப்பா, அவரைப் பாத்துதான் எழுதினேன்."

அந்த அம்மாள் என்னைப் பார்த்தார், பொம்மையைப் பார்த்தார்.

"மீசை மட்டும் அவ சேர்த்ததுமா," என்றேன்.

சிரித்துக்கொண்டே செட்டியாரை வாங்கினார். கூடவே செட்டியார் மனைவி, மேளக்காரர்கள், கல்யாண கோஷ்டி. "அடுத்த வருஷமும் இந்த மாதிரி யாரையாவது பாத்துச் செஞ்சு வைமா," என்று கனகாவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

இந்தக் கண்ணைச் சொல்லித்தான் அந்தக் காலத்தில் தென்னேரியில் எனக்குப் பெண் தர மறுத்தார்கள். அன்று கொடுத்த கேசரியில் முந்திரி இல்லாததுகூட ஞாபகம் இருக்கிறது.

இப்போது ஜோடியோடு மதராஸ் போகிறேன். அங்கே சுண்டலுக்குப் போகிறவர்கள் என்னைப் பார்த்தால், வியாபாரம் எப்படி என்று வந்து சொல்லுங்கள்.