சகலனின் ஸ்டீம் ஓவனும் என் நனைந்த சாரமும்

கட்டாரிலிருந்து என் சகலன் கொண்டுவந்த ஸ்டீம் ஓவன், இரண்டு தடித்த கம்பளிகளுக்குள் பிறந்த பிள்ளையைப் போலச் சுற்றப்பட்டு, மாத்தளையில் எங்கள் மாமியின் குசினிக்குள் நுழைந்தது. அதன் பக்கவாட்டில் ஒரு தண்ணீர்த் தொட்டி. இழுத்தால் மேசை லாச்சிபோலக் கையோடு வரும். அடுப்புக்கு எதற்குத் தண்ணீர் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. மாமியின் இளைய மகளைக் கட்டியவன், ஹோட்டல் குசினியில் பத்து வருடம் நின்றவன், அண்ணன் முறைக்கு 'நானா' போட்டுப் பொறுமையாக விளக்கினான். "ஆவி பட்டா மேல்தோல் சட்டுன்னு காயாது நானா. ஸ்கோன் நல்லா எழும்பும்." அந்தப் பொறுமைதான் எனக்குப் பற்றி எரிந்தது.

ஏனென்றால், அந்த வீட்டில் ஸ்கோன் என்கிற குட்டி இங்கிலீஷ் பன் என்றால் நான்தான். ஒவ்வொரு பெருநாளும் மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு, ஒரு பக்கத்தை மட்டும் கருக்கும் என் பழைய கேஸ் ஓவனில் சுட்டு, வில்கமுவையிலிருந்து வரும் எருமைத் தயிரின் ஆடையும் அன்னாசி ஜாமும் சேர்த்துக் கொண்டுபோவேன். முதல் ஸ்கோனை மாமி எடுத்துப் பிளந்து, "மூத்த மருமகன்ட கைப்பக்குவம்" என்பார். சைக்கிள் சாமான் விற்கிறவனுக்கு இதைவிடப் பெரிய பட்டம் எங்கே கிடைக்கும்?

போன பெருநாளுக்கு முந்திய நாள், நோன்பு திறந்த பிறகு, சகலன் ஒத்திகை பார்த்தான். அவன் ஸ்கோன்கள் என்னுடையவற்றைவிட ஒரு விரல் உயரமாக எழும்பின. ஆனால் மேலே வெளுத்து, தொட்டால் பிசுபிசுத்தன. நான் உள்ளுக்குள் சிரித்தேன். மாமியோ, "பஞ்சு மாதிரி ஈக்கி" என்று இரண்டாவதற்குக் கை நீட்டினார். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பட்டம் பறிபோகிறது.

மறுநாள் அவன் தட்டை உள்ளே வைத்துவிட்டு, வந்த விருந்தாளிகளுக்குக் கை கொடுக்க முன்னறைக்குப் போனான். ஐந்து நிமிடம் போயிருக்கும். ஆவி இல்லாவிட்டால் அவன் ஸ்கோன் கல்லாகிவிடும் என்று கணக்குப் போட்டு, தொட்டியை இழுத்தேன். மெஷின் திருடனைக் கண்ட காவல்காரனைப் போலக் கத்தத் தொடங்கியது. பதறிப்போய்த் தொட்டியை மார்போடு அணைத்தேன். தண்ணீர் முழுவதும் நான் இடுப்பில் கட்டியிருந்த புதுச் சாரத்தில். வெறும் தொட்டியைத் திரும்பச் செருகியதும் சத்தம் நின்றது. நிமிர்ந்தால் வாசலில் சகலன்.

"என்ன நானா, சாரமெல்லாம் நனைஞ்சி ஈக்கி?"

"தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளு எடுத்தேன் தம்பி."

"குசினியிலயா?"

"அவசரம்."

அவன் ஓவனை ஒரு தரம், என்னை ஒரு தரம் பார்த்தான்.

தட்டு வெளியே வந்ததும் எட்டிப் பார்த்தேன். அதே உயரம்; மேலே பொன்னிறம்; விளிம்பில் மெல்லிய மொறுமொறுப்பு. முதலில் ஆவியும் பிறகு காய்ந்த சூடும்தான் அதற்கு வேண்டியிருந்ததாம். குறை ஒன்றே ஒன்று இருந்தது. அதையும் நானே நீக்கிக் கொடுத்துவிட்டேன். மாமி முதல் ஸ்கோனை அவன் தட்டிலிருந்து எடுத்தார். நான் கொண்டுபோனவை மூடிய டப்பாவுக்குள் ஆறிக்கொண்டிருந்தன. அவன் ஸ்கோனில் பாதி என் வேலை என்று கத்த வாயெடுத்தேன். எப்படிச் சொல்வது? சொன்னால் நான் செய்ய நினைத்ததையும் சொல்ல வேண்டுமே.

விடுமுறை முடிந்து போகும் நாளில், வேனில் ஏறும் முன் என்னை ஓரமாக அழைத்தான். "மெஷின் மாமி வூட்டுலயே ஈக்கட்டும் நானா. நீங்களே சுடுங்க. அஞ்சாவது நிமிஷம் தொட்டியக் கழட்டுங்க, அன்டைக்குச் செஞ்ச மாதிரியே. ஆனா, சாரத்துல ஊத்தத் தேவையில்ல." சிரித்துக்கொண்டே தோளில் தட்டினான். திட்டியிருந்தாலாவது நான் கொஞ்சம் தப்பித்திருப்பேன்.

இந்தப் பெருநாளுக்கு அந்த ஓவனில் நான்தான் சுட்டேன். மாவு என்னுடையது, தயிராடை என்னுடையது, ஐந்தாவது நிமிடமும் என்னுடையது. மாமி முதல் ஸ்கோனைப் பிளந்து வாயில் போட்டார். கண்ணை மூடிக்கொண்டார்.

"சின்ன மருமகன்ட கைப்பக்குவம் அப்படியே ஈக்கி" என்றார்.