ஆறு கொல்லை தூரம்

எங்கள் வரிசையில் ஆறாவது வீட்டு மாமி எனக்கென்று கொடுத்தனுப்பிய கடல்பாசி இனிப்புக் கிண்ணம் ஒருநாள் பகல் பதினோரு மணிக்கு என் அறைக்கு வந்து சேர்ந்தது. எங்கள் தெருவில் கொல்லைக்குக் கொல்லை மதிலில் ஒரு சின்னக் கதவு உண்டு. பெண்கள் தெருவில் கால் வைக்காமல் போய்வருவதற்கான வழி அது. கிண்ணம் அந்தக் கதவுகளைக் கடந்து, கைக்குக் கை மாறி வந்திருந்தது. "குளிர்ச்சி, இவளுக்கு ஆகாது" என்று உம்மா அதை அப்படியே திருப்பி அனுப்பிவிட்டார். திரும்பிப் போகிற கிண்ணத்தைப் பார்த்தபோதுதான் எனக்குத் தோன்றியது: இது இன்று ஒரே காலையில் போய்வந்த தூரத்தை நான் மூன்று வாரமாக நடக்கவில்லை. இத்தனைக்கும் அதற்குக் கால் இல்லை.

இந்த ஐம்பத்தேழாம் வருஷக் கோடையில் வந்த சுரத்தைக் காரைக்காலில் கப்பல் காய்ச்சல் என்கிறார்கள். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் வந்தது. என் அண்ணன் நானாவுக்கு நாலு நாள், உம்மாவுக்கு ஐந்து நாள். எனக்கு மட்டும் சுரம் போன பிறகும் மூச்சு திரும்பவில்லை. கட்டிலிலிருந்து எழுந்து கதவு வரை போனால் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். "தண்ணி வேணும் உம்மா" என்று சொல்ல இரண்டு மூச்சு தேவைப்பட்டது.

எனக்கோ மூச்சு அவசரமாக வேண்டியிருந்தது. பெண்கள் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புக்கு டீச்சராக என்னை எடுத்திருந்தார்கள். பரீட்சை தேறி, வாப்பாவிடம் ஒரு வருஷம் கெஞ்சி, திரை போட்ட வண்டியில் போய்த் திரை போட்ட வண்டியில் வருவதாக ஒப்புக்கொண்டு வாங்கிய வேலை. வகுப்பு மாடியில், பதினாறு படிக்கு மேலே. பின்வரிசைப் பிள்ளைக்கும் கேட்கும்படி வாசிக்க வேண்டும். விடுமுறை முடிந்து திறக்கும் நாளில் வராவிட்டால் வேறொருத்தியைப் போட வேண்டியிருக்கும் என்று தலைமை ஆசிரியை சீட்டு அனுப்பியிருந்தார். வாப்பா அதைப் படித்து, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"உடம்பு தேறலேன்னா தேறலேன்னு எழுதிப் போட்டுடுவோம். அதுல என்ன?"

அதில் என்னவா? அந்த வேலை போனால் எனக்கு மிச்சமிருப்பது இந்த அறைதான்.

அறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஜன்னல் சாத்தி, இடுக்குகளில் துணி அடைத்திருந்தது. வெளியே கத்திரி வெயில். உள்ளே என் தலையில் கம்பளித்துண்டு. காலையும் மாலையும் சாம்பிராணி. புகை வந்தால் இருமுவேன்; இருமினால் இன்னும் கொஞ்சம் புகை. இத்தனைக்கும் காரணம் ஆஸ்பத்திரி டாக்டர். பாவம், அவர் நல்லதைத்தான் சொன்னார். "நெஞ்சுல சளி இல்லம்மா. இதுக்கு மருந்து கிடையாது. படுத்தே கிடந்தா நெஞ்சு சோம்பேறியாயிடும். தினம் கொஞ்சம் கூடுதலா நடங்க. மூக்கால இழுத்து, உதட்டைக் குவிச்சு, டீயை ஆத்துற மாதிரி மெதுவா விடுங்க." அவ்வளவுதான். சீட்டில் ஒன்றும் எழுதவில்லை. அந்த வெற்றுச் சீட்டை உம்மா முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். வண்டியில் ஏறியதும் அழ ஆரம்பித்தார். மருந்தில்லை என்றால் கைவிட்டுவிட்டார் என்று அவருக்கு அர்த்தம். அன்றைக்கே ஜன்னலைச் சாத்தியாயிற்று.

கிண்ணம் திரும்பிப் போன மறுநாள், உம்மா நடுப்பகல் லுஹர் தொழுகையில் நின்ற நேரம் பார்த்துக் கொல்லைக்குப் போனேன். முதல் கதவைத் தாண்டினேன். இரண்டாம் வீட்டுத் துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டேன். கண் இருட்டியது. ஆனால் காற்று! கடல்காற்று மதிலுக்கு மேல் வந்து கம்பளித்துண்டைத் தூக்கியது. உதட்டைக் குவித்து ஊதினேன். பத்து நிமிஷத்தில் எழுந்து திரும்பி வந்தேன். உம்மாவுக்குத் தெரிந்தபோது பெரிய சத்தம். "கொல்லைதானே உம்மா, தெரு இல்லையே" என்றதும் என் தலைத்துண்டை இறுக்கிக் கட்டிவிட்டதோடு நிறுத்திக்கொண்டார்.

மூன்றாம் நாள் மூன்றாவது வீடு. அங்கேதான் மாட்டிக்கொண்டேன். எங்கள் தெருவில் ஒரு வீட்டுக் கொல்லையை வெறும் வாயோடு கடக்க முடியாது.

"இவ்வளவு தூரம் வந்துட்டுச் சும்மா போவியா? உக்காரு" என்றார் மூன்றாவது வீட்டுச் சாச்சி.

"மூணு வீடுதானே சாச்சி."

"மூஞ்சியப் பாரு, வெள்ளரிப்பழமாட்டம். இந்த முட்டையத் தின்னு. உம்மா ஒனக்குச் சோறு போடுறாளா இல்லையா?"

முட்டை, அதன் மேல் பால், அதன் மேல் தம்ரோட்டு இனிப்பு. நாலாவது வீட்டில் இறால் வாடா. மறுத்தால் "எங்க வூட்டுச் சாப்பாடு எறங்காதோ?" வயிறு நிறைந்தால் மூச்சு மேலே நிற்கிறது என்பதை அன்று கண்டுபிடித்தேன். நடந்தது நாற்பது அடி, உட்கார்ந்து தின்றது ஒரு மணி நேரம். ஒரு வாரம் இப்படியே போயிற்று. அறையிலிருந்து தப்பிச் சமையல்கட்டுகளில் சிறைப்பட்டேன்.

அப்புறம் ஒன்றைக் கவனித்தேன். கையில் பதார்த்தத்தோடு போகிறவளை யாரும் உட்காரச் சொல்வதில்லை! ஆறிப்போய்விடுமே. உடனே உம்மாவிடம் போய், இனிமேல் எந்த வீட்டுக்கு எது கொடுத்தனுப்பினாலும் நானே கொண்டுபோகிறேன் என்றேன். உம்மா சந்தேகமாகப் பார்த்துவிட்டு ஒரு கிண்ணம் மீன் ஆணத்தைக் கையில் கொடுத்தார். மூன்றாவது வீட்டுச் சாச்சி வாயைத் திறப்பதற்குள், "ஆறாவது வீட்டுக்கு, சாச்சி, சூடா இருக்கு" என்று கடந்துவிட்டேன். ஆறாவது வீட்டு மாமி வெறும் கிண்ணமாகத் திருப்பி அனுப்புவாரா? அதில் ஏதாவது வைத்தார். திரும்பும் வழியும் தடையில்லாமல் முடிந்தது. நிற்காமல் ஒரு நடை!

அடுத்த வாரம் ஒரு நாளைக்கு மூன்று நடை. எல்லா வீடும் என் கையில் கொடுக்க ஆரம்பித்தன. கிண்ணம் போய்த் தூக்குச்சட்டி, சட்டி போய் அரைக்குடம் தண்ணீர். பட்டினச்சேரியிலிருந்து கொல்லை வழியாக மீன் கொண்டுவரும் அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"என்ன தங்கச்சி, தெருவுக்கே தபால் குடுக்குறியா? எங்கூடையும் இருக்கு, தூக்குறியா?"

"அடுத்த மாசம் தூக்குறேங்க்கா."

ஒரே மூச்சில் அதைச் சொல்லியிருந்தேன். அவள் போன பிறகுதான் உறைத்தது.

அந்தச் சந்தோஷத்தில்தான் புத்தி கெட்டது. சமதரையில் எத்தனை நடந்தாலும் அது படி ஆகாது. எங்கள் வீட்டு மாடிப்படி முன்கட்டில் இருக்கிறது. வாப்பாவைப் பார்க்க வருகிற வியாபாரிகள் ஏறி இறங்குவது. பெண்களுக்கு அங்கே வேலையில்லை. ஆறாவது வீட்டில் மொட்டைமாடிக்குக் கொல்லையிலேயே படி இருந்தது. மூச்சை அடக்கிக்கொண்டு ஒரே ஓட்டமாக ஏறினேன். ஏழாவது படியில் கால் மடங்கியது. மாமி பார்த்தபோது சுவரில் சாய்ந்து வாயைத் திறந்துகொண்டு கிடந்திருக்கிறேன். அவர் போட்ட அலறல் ஆறு கொல்லையையும் தாண்டி நான் நடப்பதைவிட வேகமாக உம்மாவிடம் போய்ச் சேர்ந்தது.

அன்று சாயங்காலம் எங்கள் கொல்லைக் கதவுக்குப் பூட்டு. மறுபடி ஜன்னல், மறுபடி துணி, மறுபடி புகை. உம்மா என் அறை வாசல்படியிலேயே பாய் போட்டுப் படுத்துக்கொண்டார். திட்டவில்லை. "நீ மௌத்தாப் போயிட்டா நான் என்ன புள்ளே செய்வேன்?" என்று மட்டும் கேட்டார். பூட்டைவிட அதுதான் என்னை அதிகம் கட்டிப்போட்டது.

நாலு நாள் கிடந்தேன். கிடந்தேன் என்றால், உம்மா அந்தப் பக்கம் திரும்பும்போதெல்லாம் மெழுகுவத்தியை ஏற்றி, சுடர் அணையாமல் சாயும்படி ஊதினேன். முதலில் ஐந்து எண்ணும் வரை ஊத முடிந்தது. பிறகு பதினான்கு வரை. குட்டை முக்காலி ஒன்றின் மேல் ஏறி இறங்கினேன். அப்போதுதான் புரிந்தது, படியில் நான் செய்த தப்பு அவசரம் மட்டுமில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏறியிருக்கிறேன். நின்று இழுத்து, விட்டுக்கொண்டே ஏறினால் நெஞ்சு அடைக்கவில்லை.

இன்று மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு வாப்பா காகிதமும் பேனாவும் கொண்டுவந்தார். பள்ளிக்கூடம் திறக்க இன்னும் மூன்று நாள்.

"வர இயலாதுன்னு எழுது. ஒன் கையெழுத்துதான் நல்லாருக்கும்."

தேதி போட்டேன். 'மதிப்பிற்குரிய அம்மையாருக்கு' என்று எழுதினேன். அதற்கு மேல் பேனா நகரவில்லை.

"வாப்பா, நம்ம மாடிப்படி எத்தனை?"

"யாரு எண்ணுனா?"

"நான் எண்ணியிருக்கேன். பதினெட்டு. பள்ளிக்கூடத்தைவிட ரெண்டு கூட. நாளைக்கு ஏறிக் காட்டுறேன். மேலே நின்னு மூணாம் வகுப்புப் பாடம் ஒரு பக்கம் வாசிக்கிறேன். கீழே முத்தத்துல நிக்கிற உம்மாவுக்குக் கேக்கலேன்னா இந்தக் கடுதாசியை நானே முடிச்சுத் தர்றேன்."

"விழுந்தா?"

"விழ மாட்டேன். நடுவுல நிப்பேன். நிக்கக் கூடாதுன்னு யாரும் சொல்லலையே."

வாப்பா உம்மாவைப் பார்த்தார். உம்மா பாயைப் பார்த்தார். கடைசியில் வாப்பா எழுந்துகொண்டார். "சுபுஹு தொழுதுட்டு வர்றேன். அந்த நேரம் முன்கட்டுல ஆள் இருக்காது."

ஆகவே நாளைக் காலை. மூக்கால் இழுப்பது கீழே நின்று. விடும்போது இரண்டு படி. மறுபடி நின்று இழுப்பு. ஆறாவது படியில் சுவரைப் பிடித்துக்கொண்டு ஐந்து மூச்சு, பன்னிரண்டில் ஐந்து. உம்மா கீழே அழுதால் திரும்பிப் பார்க்கக் கூடாது. பேச்சுக் கொடுத்தால் பதில் சொல்லக் கூடாது. மூச்சை வாசிப்புக்கு வைத்துக்கொள்ள வேண்டும். மேலே போனதும் உடனே புத்தகத்தைத் திறக்காமல் சுடரை ஊதுவதுபோல் மூன்று முறை ஊதிவிட்டு, முற்றுப்புள்ளி இருக்குமிடமெல்லாம் நிறுத்தி வாசிப்பேன். நீளமான வாக்கியங்கள் இல்லாத பக்கமாகத் தேடி மடித்து வைத்திருக்கிறேன்.