முனுசாமி பிடித்த கயிறு

பேய்க்கதை சொல்ல வருகிறவர்களுக்கு நான் வெற்றிலைகூடக் கொடுத்தது கிடையாது. பனைமரத்தடியில் முனியைப் பார்த்தேன் என்று சொன்ன சித்தப்பாவிடம், "மரத்துலேருந்து எறங்குன முனியா, பானையிலேருந்து எறங்குன முனியா?" என்று கேட்டு அறை வாங்கியவன் நான். அந்தப் புத்தி இன்றைக்கும் மாறவில்லை. சுடுகாட்டு வழியாகப் போகச் சொல்லுங்கள், பீடியை இழுத்துக்கொண்டு போய்விட்டு வருகிறேன். ஆனால் பெரம்பலூர் பஞ்சுக் கிடங்கில் பட்டப்பகலில் நடந்ததை மட்டும் என்னால் தள்ளிவிட முடியவில்லை. நம்பினால் நம்புங்கள், இல்லையென்றால் வெயில் தலைக்கேறிய ஆள் என்று நினைத்துக்கொள்ளுங்கள், எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணத்து ஜனங்கள் மூட்டை முடிச்சோடு நம் பக்கம் ஓடிவந்துகொண்டிருந்த சமயம். கீழப்பழுவூரில் எங்களுக்கு இருந்த மானாவாரி நிலம் கஞ்சிக்கே காணாது, அதனால் அவர்கள் இறங்கிய அரியலூர் ஸ்டேஷனில் நான் ரயில் ஏறினேன். பட்டணத்தில் தீயணைப்புப் படைக்கு ஆள் எடுத்தார்கள். என்னைப் போட்டது ஒரு தனி மாதிரி வண்டியில். அதில் சொட்டுத் தண்ணீர் இருக்காது. ஏணி, கோடாலி, நீளக் கொக்கி, கயிறு, விளக்கு, அவ்வளவுதான். தண்ணீர் அடிக்க வேறு வண்டி வரும், எங்கள் வேலை புகையை வெளியேற்றுவது.

சிரிக்காதீர்கள், அதுதான் பெரிய வேலை. பூட்டிக் கிடக்கிற கிடங்குக்குள் தீ மூச்சு முட்டிக் குமுறிக்கொண்டிருக்கும். உள்ளே நிறைந்திருக்கிற புகையே எரியக்கூடியது, காற்று வரட்டும் என்றுதான் காத்திருக்கும். அந்த நேரத்தில் கதவைத் திறந்தால் புகை மொத்தமும் ஒரே வீச்சில் பற்றிக்கொண்டு, திறந்தவன் முகத்தில் வந்து அடிக்கும். அதனால் முதலில் கூரையை உடைக்க வேண்டும், சூடும் புகையும் மேலே போக விட வேண்டும், பிறகுதான் கதவு. இதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும்படி எங்களுக்குப் பழக்கியிருந்தார்கள்.

புகைக்குள் இறங்குகிறவன் இடுப்பில் கயிறு கட்டியிருப்பான். மறுமுனையை வெளியே ஒருவன் பிடித்திருப்பான். வெளியே இருப்பவன் ஒருமுறை இழுத்தால் 'இருக்கிறாயா' என்று அர்த்தம். உள்ளே இருப்பவன் ஒருமுறை இழுத்தால் 'இருக்கிறேன்'. கேட்பது எப்போதும் வெளியே இருப்பவன்தான். எனக்குக் கயிறு பிடித்தவன் ராயபுரத்து மீனவன் முனுசாமி. கட்டுமரத்தில் தூண்டில் போட்டு வளர்ந்த கை. ஒருமுறை இழுத்துவிட்டுச் சும்மா இருக்க மாட்டான், மீன் கடிக்கிறதா என்று பார்ப்பதுபோல விரலால் கயிற்றை மெல்ல நடுங்க விடுவான். சட்டத்தில் இல்லாத வேலை, அதிகாரி திட்டினாலும் விட மாட்டான். புகைக்குள் கண் தெரியாமல் தவழ்கிறவனுக்கு அந்த நடுக்கம் எவ்வளவு பெரிய தெம்பு என்று எப்படிச் சொல்லிப் புரியவைப்பேன்.

துறைமுகத்துப் பக்கம் ஒரு சணல் கிடங்கு எரிந்தபோது நான் கூரைமேல் கோடாலியோடு நின்றேன். ஓட்டை இன்னும் விழவில்லை. அதற்குள் சரக்குக்காரனின் ஆட்கள் பொறுமையில்லாமல் கதவை உடைத்துவிட்டார்கள். கீழேயிருந்து வந்த அதிர்ச்சியில் நான் கூரைமேலேயே குப்புற விழுந்தேன். கதவோரம் நின்ற முனுசாமியைத் தீ தூக்கி எதிர்ச்சுவரில் அடித்திருந்தது. முகம் என்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. கை மட்டும் என் கயிற்றை விடவில்லை. விரல்களைப் பிரிக்க முடியாமல் கயிற்றை அறுத்து, அந்தத் துண்டோடுதான் அவனைப் புதைத்தோம். நான் ஒரு வாரம் சோறு இறங்காமல் கிடந்தேன். சண்டைக் காலத்தில் நல்ல கயிறு கிடைப்பது குதிரைக் கொம்பு, அதனால் மிச்சக் கயிற்றையே தொடர்ந்து என் இடுப்பில் கட்டிக்கொண்டேன்.

சண்டை முடிந்ததும் பட்டணத்தில் வேண்டாத வண்டிகளை வெளியூர்களுக்குத் தள்ளிவிட்டார்கள். எங்கள் வண்டி பெரம்பலூருக்கு வந்தது, கூடவே நானும் வந்தேன். ஓட்டுவதற்கு ஜெயங்கொண்டத்து துரைசாமி. என் அக்கா வாழ்க்கைப்பட்டிருந்ததும் பெரம்பலூரில்தான். அவள் புருஷன் கலியமூர்த்தி மாமா பருத்தி அரவை மில்லின் பஞ்சுக் கிடங்குக்குக் காவல். எனக்கு அப்பா இல்லாத குறையைத் தெரியாமல் பார்த்துக்கொண்ட மனிதர்.

பங்குனி மாதம், உச்சி வெயில். தண்ணீர் அடிக்கிற பம்பு அரியலூர்ப் பக்கம் ஒரு வைக்கோல் போருக்குப் போயிருந்தது. பஞ்சுக் கிடங்கில் புகை என்று ஆள் ஓடிவந்தான். பம்புக்குச் சொல்லியனுப்பிவிட்டு நானும் துரைசாமியும் எங்கள் வண்டியில் பறந்தோம்.

போய்ச் சேர்ந்தபோது ஊரே திரண்டு நின்றது. நீளமான கட்டடம், நாட்டு ஓடு, முன்னால் ஒரே ஒரு பெரிய கதவு. ஓட்டின் இடுக்கெல்லாம் மஞ்சளும் கறுப்புமாகப் புகை கசிந்தது. மாமா வழக்கம்போலச் சாப்பிட்டுவிட்டு உள்ளே தாழ்போட்டுப் படுத்திருக்கிறார். கதவைத் தட்டித் தட்டி அக்காவின் கை ரத்தமாகியிருந்தது. நான் பலகையில் கை வைத்துப் பார்த்தேன், தோசைக்கல்லாகக் காய்ந்தது. "கதவத் தொடாதீங்க, மொதல்ல ஓட்டப் பிரிக்கணும்" என்று கத்தினேன்.

அதற்குள் ஒருவன் வண்டிக்குள் ஏறித் தேடிவிட்டு, "தண்ணியே இல்லடா, தீயணைக்க வெறும் வண்டிய எடுத்துகிட்டு வந்திருக்கானுவ" என்றான். கூட்டம் கொதித்துவிட்டது. அவர்களையும் குறை சொல்ல முடியாது, தண்ணீர் இல்லாத தீயணைப்பு வண்டியை யார் கண்டார்கள். முதல் கல் என் தோளில் விழுந்தது, அடுத்தது துரைசாமியின் நெற்றியில். அக்கா என் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக் கன்னத்தில் அறைந்தாள்.

"ஒங்க மாமா உள்ள வேகுறாருடா. நீ ஓட்டப் பிரிச்சு வெளையாடுறியா? அந்தாள் ஒனக்கு என்னா கொற வச்சாரு?"

"அக்கா, கதவத் தொறந்தா மாமா அந்த நிமிசமே போயிடுவாரு. என்னைய நம்பு."

அவள் நம்பவில்லை. அவளை உதறிவிட்டுக் கட்டடத்தின் பின்பக்கம் ஏணி போட்டு ஏறினேன். கயிற்றை இடுப்பில் கட்டி மறுமுனையைக் கீழே நின்ற துரைசாமியிடம் வீசினேன். கோடாலியால் ஓட்டை நொறுக்கிப் பனஞ்சட்டத்தைப் பிளந்தேன். புகை பீறிட்டு வந்து புருவத்தைக் கருக்கியது. ஆள் நுழைகிற அளவுக்குத்தான் துளை விழுந்தது. இன்னும் பெரிதாக்கி, புகை அடங்கும்வரை பொறுத்திருக்க வேண்டும். உள்ளே கிடப்பது மாமா, எப்படிப் பொறுப்பேன். துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டேன்.

வெளியே உச்சி வெயில், உள்ளே அமாவாசை. பஞ்சு மூட்டைகளுக்கு நடுவே வயிற்றால் ஊர்ந்தேன். காதெல்லாம் கொப்புளித்தது. கதவுக்குப் பக்கத்தில்தான் மாமாவின் கால் கையில் தட்டுப்பட்டது. தாழைத் திறக்க வந்து அங்கேயே சுருண்டிருக்கிறார். மூச்சு இருந்தது. கதவு கைக்கெட்டும் தூரத்தில், தாழை நீக்கினால் வெளியே காற்று. படித்ததெல்லாம் அந்தக் கணத்தில் மறந்துபோயிற்று, நான் மாமாவை ஒரு கையால் அணைத்துக்கொண்டு தாழை நோக்கிக் கையை நீட்டினேன்.

கயிறு இழுத்தது. ஒருமுறை.

துரைசாமி கேட்கிறான் என்று நினைத்து நானும் ஒருமுறை இழுத்துவிட்டு மறுபடி தாழைத் தொட்டேன். அப்போது கயிற்றில் அந்த நடுக்கம் வந்தது. மெல்ல, விரலால் தடவிப் பார்க்கிற நடுக்கம். அடுத்து வந்த இழுப்பில் இடுப்பெலும்பு கழன்றதுபோல இருந்தது. என்னையும், நான் பிடித்திருந்த மாமாவையும் சேர்த்துத் தரையோடு தரையாகப் பின்சுவர் வரைக்கும் தரதரவென்று இழுத்துப்போனது. "விடுடா, விடுடா" என்று நான் கெட்ட வார்த்தையில் திட்டியது நன்றாக நினைவிருக்கிறது.

துளைக்கு நேர் கீழே சுவர் மூலையில் போய் விழுந்தோம். அதே சமயம் வெளியே கூட்டம் ஒரு மரக்கட்டையால் கதவை இடித்துத் தள்ளியது. கிடங்கு முழுக்க இருந்த புகை சிவப்பாக மாறியதைப் பார்த்தேன். பிறகு இடிச் சத்தம். தீ எங்கள் தலைக்குமேல் உருண்டு வாசலை நோக்கிப் போயிற்று. வாசலில் நின்றவர்களின் அலறல் கேட்டது, உடனே நின்றும் போயிற்று. நான் மாமாமேல் குப்புறப் படுத்துக் கதறினேன்.

மில் ஆட்கள் என் குரல் கேட்டுக் கடப்பாரையால் பின்சுவரை உடைத்தார்கள். அதுவரைக்கும் கயிறு விறைப்பாகத் துளையின் வழியே மேலே நின்றது. வெளிச்சம் உள்ளே வந்ததும் சட்டென்று தளர்ந்து என் மடியில் வந்து விழுந்தது. முனை அரிவாளால் வெட்டப்பட்டிருந்தது.

கட்டையைக் கட்டித் தொங்கவிட்டுக் கதவை இடிக்க அவர்களுக்குக் கயிறு தேவைப்பட்டிருக்கிறது. துரைசாமியை அடித்துப் போட்டுவிட்டு, ஏணியில் ஏறிக் கூரை விளிம்போடு வெட்டி எடுத்துக்கொண்டார்கள். வெட்டியவன் பிறகு என் காலில் விழுந்து அழுதான், அவன் தம்பிதான் வாசலில் கருகிச் செத்தவர்களில் ஒருவன். ஆஸ்பத்திரியில் துரைசாமி தலைக்கட்டோடு சொன்னான்.

"நீ ஓட்டுக்குள்ள தலைய உட்டதுமே என் மண்டையில போட்டுட்டானுங்க. கயித்த அப்பவே உட்டுட்டேன் ராசு. நீ வெளிய வருவேன்னு நான் நெனைக்கவே இல்ல."

கயிறு பனஞ்சட்டத்தில் சிக்கியிருக்கும் என்றார் எங்கள் அதிகாரி. சிக்கிய கயிறு ஆளைப் பிடித்து நிறுத்தும், ஒப்புக்கொள்கிறேன். இரண்டு ஆளை இழுத்துப் போகுமா? கேள்வி கேட்குமா? அவரிடம் அதற்குமேல் பேசவில்லை, பேசினால் வேலை போயிருக்கும். மாமா இருமலோடு நெடுநாள் இருந்தார். அக்கா அன்று அறைந்த கையைப் பிடித்துக்கொண்டு என்னிடம் அழாத தீபாவளி இல்லை.

இத்தோடு முடிந்திருந்தால் உங்களிடம் சொல்லியிருக்கவே மாட்டேன். கயிற்றைத் தூக்கிப்போட மனம் வராமல் பரணில் வைத்திருந்தேன். முனுசாமியைப் பற்றி வீட்டில் மூச்சுவிட்டதில்லை. போன வருஷம் கிணற்றுக் கயிறு இற்றுப்போக, என் வீட்டுக்காரி அதை எடுத்துக் குடத்தில் கட்டியிருக்கிறாள். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது வந்து கேட்டாள்.

"ஏங்க, கெணத்துல மீனு கீனு உட்டிருக்கீங்களா?"

"இல்லியே, ஏன்?"

"கொடம் தண்ணியத் தொட்டதும் யாரோ ஒரு தடவ இழுக்கறாப்புல இருக்கு. அப்பறம் கயிறு மெல்ல நடுங்குது."

அன்றிலிருந்து தண்ணீர் சேந்துவது நான்தான், அவளை விடுவதில்லை. தினமும் வருகிறது. ஒரு இழுப்பு, பிறகு அந்த நடுக்கம். செத்துப்போன சிநேகிதன் தேடி வருகிறான், அதில் எனக்குப் பயம் இல்லை, சில நாள் கண்கூடக் கலங்கும். என்னை உறுத்துவது வேறு. கேட்பது எப்போதும் வெளியே இருப்பவன்தான் என்று சொன்னேன் அல்லவா. கிணற்றடியில், நல்ல வெயிலில், நான்தான் வெளியே நிற்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன். கேள்வி கீழேயிருந்து எனக்கு வருகிறது. நானும் ஒருமுறை இழுத்துப் பதில் சொல்லிவிட்டுத்தான் குடத்தை மேலே எடுக்கிறேன்.