மாப்பிள்ளையின் மரமேறும் பொறி

கிருஷ்ணப்பனைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொல்ல எனக்கு வாய் வராது. என் பெரியப்பா மாதையனின் மகள் மாதம்மாளைக் கட்டிக்கொண்டு, 1968இல் ஒரு தகரப்பெட்டியோடு எங்கள் ஊருக்கு வந்து, பெரியப்பா வீட்டிலேயே தங்கிவிட்டவன். அதற்கு முன்னால் பெங்களூரில் லேத்துப் பட்டறையில் மூன்று வருஷம் வேலை பார்த்தானாம். அந்த மூன்று வருஷத்தை வைத்துக்கொண்டு அவன் பண்ணிய அலட்டலை ஊரே சகித்துக்கொண்டது. மண்வெட்டிக்குக் காம்பு போடச் சொன்னால்கூட, "மெஷர்மெண்ட் எடுக்கணுங்க" என்பான்.

வந்த வருஷமே காக்காய் விரட்ட ஒரு தகர யந்திரம் செய்து சோளக்காட்டில் நட்டான். காக்காய்கள் அதன்மேல் உட்கார்ந்து இளைப்பாறின. அடுத்து, கேழ்வரகு தூற்ற ஒரு விசிறி. பாதித் தானியம் பக்கத்துக் களத்தில் போய் விழுந்தது. அதைப் பொறுக்கிக்கொண்டு வந்தது நாங்கள்தான். அவன் நட்டு முடுக்கிக்கொண்டிருந்தான்.

பெரியப்பா பென்னாகரம் சாலையோரப் புளியமரங்களை வருஷா வருஷம் ஏலத்தில் எடுப்பார். ஆள் பிடிப்பது, மரம் ஏற்றுவது, புளி உலுக்குவது எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டவன் நான். மாப்பிள்ளை சாக்குத் தைப்பான். மாமியார் தீர்த்தம்மாள் சோறு போடும்போதெல்லாம், "எங்க வூட்டு மாப்பிள்ளைக்கு ஊசி நூலு நல்லா வருது" என்று நாலு பேர் காதில் விழச் சொல்வாள். அவன் தலை நிமிராமல் சாப்பிடுவான். அதையெல்லாம் கேட்டுக்கொண்டு ஒருவனுக்கு எப்படிச் சோறு இறங்கும் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

எழுபத்திரண்டில், தை முடியும் நேரம், அவன் மூன்றாவது யந்திரத்தோடு வந்தான். மரத்தில் கயிறு வழியாக ஏறுவதற்கான பொறியாம். இரண்டு இரும்புக் கவ்விகள், உள்பக்கம் ரம்பம் மாதிரிப் பற்கள். ஒன்று இடுப்புவாரில் மாட்டியிருக்கும். இன்னொன்றில் கால் வைக்க ஒரு வளையம். கயிற்றில் மேலே தள்ளினால் நகரும், பாரம் விழுந்தால் பற்கள் கடித்துப் பிடித்துக்கொள்ளும். வளையத்தில் எழுந்து நின்று இடுப்புக் கவ்வியை ஏற்ற வேண்டும். பிறகு வாரில் தொங்கிக்கொண்டு கால் கவ்வியை இழுக்க வேண்டும். புழு ஊர்வதுபோல ஊர்ந்து போகலாம். அவன் அதற்கு 'கிளைம்பர்' என்று பெயர் வைத்தான். நாங்கள் எலிப்பொறி என்றோம்.

எங்களிடம் இருந்த மரமேறிகளில் அருள்சாமிதான் கெட்டி. அவன் பொறியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டான்.

"கயிறை மேல கட்டறது யாருங்க?"

"நீ ஏறிக் கட்டணும், அருளு."

"நான் ஏறிட்டன்னா அப்புறம் இது எதுக்குங்க?"

அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் எனக்கு விலா வலித்தது. கிருஷ்ணப்பன் மட்டும் சிரிக்காமல், "நீ ஒருத்தன் கட்டிட்டா, மரம் ஏறத் தெரியாத பத்துப் பேர் ஏறலாம்" என்றான். அது சரியான பதில்தான். அதனாலேயே எனக்கு எரிச்சலாக இருந்தது.

பெரியப்பா ஒரே பேச்சில் முடித்தார். "வெள்ளிக்கெழம எல்லார் முன்னாடியும் ஏறிக் காட்டு. கிளையத் தொட்டுட்டா இந்த வருஷம் மொத்த மரமும் உன் பொறுப்பு. இல்லன்னா இரும்ப எடைக்குப் போட்டுட்டு மாட்ட ஓட்டிக்கிட்டுப் போ." என் வேலை அவனுக்குப் போகும் என்பதை அவர் என்னைப் பார்த்துக்கூடச் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் பொறியை வாங்கிவரப் பெரியப்பா வீட்டுக்குப் போய், யாரும் கவனிக்காமல் வாசலில் நின்றேன். புது இரும்பு முதல்முதலாக வேலைக்குப் போகிறது, சும்மா அனுப்பக்கூடாது என்று தீர்த்தம்மாள் பூசை போட்டுக்கொண்டிருந்தாள். அரிவாளுக்கும் ஏர்க்கொழுவுக்கும் செய்கிற அதே பூசை. ஆமணக்கெண்ணெய் வழிய வழியத் தடவி, பற்களின் இடுக்கெல்லாம் சந்தனத்தை அப்பி, மேலே குங்குமம் வைத்தாள். எண்ணெய் பட்ட பல் எதையும் கடிக்காது என்று லேத்துப் பட்டறையில் நின்றவனுக்குத் தெரியாதா? தெரியும். ஒருமுறை வாயைத் திறந்தான். தீர்த்தம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். வாயை மூடிக்கொண்டு கையைக் கூப்பினான். எனக்கு அருவருப்பாக இருந்தது.

மரத்தடிக்குப் போகும் வழியிலாவது அவன் என்னிடமிருந்து வாங்கித் துடைப்பான் என்று நினைத்தேன். கூடவே தீர்த்தம்மாள் வந்தாள். என் கையிலிருந்த, பொட்டு அழியாத பொறியை எல்லாருக்கும் காட்டிக்கொண்டே வந்தாள்.

அருள்சாமி ஏறிக் கயிற்றைக் கட்டிவிட்டு இறங்கினான். கிருஷ்ணப்பன் வாரை மாட்டி, வளையத்தில் காலை வைத்தான். முதல் ஆறடி நன்றாகத்தான் போனான். பத்தடியில் கால் கவ்வி வழுக்கியது. சமாளித்துப் பிடித்து இன்னும் இரண்டு எட்டு ஏறினான். பிறகு இரண்டும் ஒன்றாக வழுக்கின. கையால் கயிற்றைப் பிடித்தபடியே சர்ரென்று இறங்கித் தரையில் விழுந்தான். உள்ளங்கைகளில் தோல் இல்லை. இடது கணுக்கால் திரும்பிக் கிடந்தது.

சிரித்தவர்களில் என் குரல்தான் பெரிதாகக் கேட்டிருக்கும். பெரியப்பா கிட்டே வந்து, "என்னாச்சு?" என்றார்.

தீர்த்தம்மாள் பக்கத்தில்தான் நின்றாள். அவன் அவளைப் பார்க்கவே இல்லை.

"என் கணக்குத்தான் தப்பிடுச்சுங்க, மாமா."

பொறி அன்று மாலையே எடைக்குப் போனது. புத்தூர்க் கட்டுப் போட்டும் கால் சரியாகக் கூடவில்லை. ஒரு மாதம் திண்டாடிவிட்டு, மாதம்மாளைக் கூட்டிக்கொண்டு மறுபடி பெங்களூருக்கே கிளம்பினான். பென்னாகரம் பஸ் நிலையம்வரை வண்டி ஓட்டிக்கொண்டு போனது நான்தான். மாதம்மாள் பூ வாங்கப் போயிருந்தாள். அவன் தகரப்பெட்டிமேல் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். எனக்குப் பொறுக்கவில்லை.

"ஏன் மாப்பிள்ளை, எண்ணெதான் வழுக்குச்சுன்னு அன்னிக்கே சொல்லியிருக்கலாமில்ல? இப்படியா வாயில்லாம இருப்பாங்க?"

"சொன்னா, மாமியா பூச போட்டு மருமவன் வுழுந்தான்னு ஊரு காலத்துக்கும் பேசும். அந்தம்மா அதுக்கப்புறம் யார் வூட்டு நல்லதுக்கும் போக முடியாதுங்க. எனக்குக் கால்தான போச்சு."

காலைக் கையால் தூக்கி நகர்த்தி வைத்தான். பிறகு என் பக்கம் திரும்பினான்.

"எண்ணென்னு உங்களுக்கு எப்படித் தெரியும், மச்சான்?"

"நான்தான பொறிய எடுத்துக்கிட்டு வந்தன். கையெல்லாம் ஒட்டுச்சு."

"மாமனார்கிட்ட நீங்க சொல்லியிருக்கலாமேங்க. நான் வளையத்துல கால வெக்கிறதுக்கு முன்னாடி."

கோபமாகச் சொல்லவில்லை. விசாரிப்பதுபோலத்தான் கேட்டான். நான் மாடுகளுக்குத் தண்ணீர் காட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டு, பஸ் வருவதற்கு முன்பே வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.